லாவா வரும் வழியில் ஒரு பாலிசி

வீட்டுக் காப்பீட்டுப் பாலிசியை முழுதாகப் படித்தவர்கள் நம்மில் குறைவு. 2021 ஏப்ரல் முதல் இந்தியாவில் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்றுவரும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியை எடுத்து, எதற்கெல்லாம் பணம் தருவார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். தீ, மின்னல், வெள்ளம், புயல் என்று போகும் அந்த வரிசையில் நிலநடுக்கத்தை ஒட்டியே எரிமலை வெடிப்பும் இருக்கும். இந்தியாவில் இன்று உயிரோடிருக்கும் எரிமலை ஒன்றே ஒன்று. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கடல் நடுவில் நிற்கும் பாரன் தீவு அது. அங்கே வீடும் இல்லை, குடியும் இல்லை. ஆக, தாம்பரத்து வீட்டுக்கும் தஞ்சாவூர் வீட்டுக்கும் எரிமலைக் காப்பு கேட்காமலேயே வந்துவிடுகிறது.

உண்மையிலேயே எரிமலைச் சரிவில் வீடு வைத்திருப்பவரின் கதை வேறு. ஹவாய்த் தீவின் பூனா மாவட்டத்தில் வீடு வாங்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது மண்ணையோ தண்ணீரையோ அல்ல, அந்த இடம் எத்தனையாவது லாவா மண்டலம் என்பதைத்தான். அந்த எண்ணைப் பொறுத்துத்தான் காப்பீடு. காப்பீடு இல்லாவிட்டால் வங்கிக் கடன் இல்லை. கடன் கிடைக்காத வீட்டை ரொக்கம் வைத்திருப்பவர் மட்டுமே வாங்க முடியும் என்பதால் விலை அங்கேயே இறங்கிவிடும். விலை இறங்கியதாலேயே கையில் குறைவாக வைத்திருப்பவர்கள் அங்கே வந்து சேர்கிறார்கள். இந்தச் சுழலைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. இதில் எரிமலையின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு என்பது என் எண்ணம்.

கோடும் மனையும்

ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் ஆகப் பெரியதற்குப் பெயரும் ஹவாய்தான். குழப்பம் வேண்டாமென்று அங்கத்தியர் அதைப் ‘பெரிய தீவு’ என்கிறார்கள். ஐந்து எரிமலைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உண்டாக்கிய நிலம் அது: கோஹாலா, மவுனா கியா, ஹுவாலாலாய், மவுனா லோவா, கிலாவேயா. வடக்கே இருக்கும் கோஹாலா அடங்கி 60,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது. தென்கிழக்கே கிலாவேயா அமைதியாக இருந்தால்தான் செய்தி.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1974இல் இந்தத் தீவை லாவா ஆபத்தின்படி மண்டலங்களாகப் பிரித்து ஒரு வரைபடம் வெளியிட்டது. 1987இல் அதைத் திருத்தியது. எல்லோரும் இன்று கையில் எடுப்பது 1992இல் அச்சானது. அதில் ஒன்பது மண்டலங்கள். ஒன்றாவது, கிலாவேயா, மவுனா லோவா இரண்டின் உச்சியும் அவற்றின் விலாவில் நீளும் பிளவுப் பகுதிகளும். லாவா தரையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிற இடங்களே அவை. இரண்டாவது, அவற்றை ஒட்டிய கீழ்ச்சரிவு. ஒன்பதாவது, தூங்கிப்போன கோஹாலா. 1800ஆம் ஆண்டிலிருந்து பார்த்தால் ஒன்றாம் மண்டலத்தில் கால் பங்குக்கும் மேல் லாவாவால் மூடப்பட்டிருக்கிறது. இரண்டாம் மண்டலத்தில் 15 முதல் 25 சதவீதம். மூன்றாம் மண்டலத்துக்குப் போனால் 1 முதல் 5 சதவீதம்தான்.

வரைபடத்தின் அளவைக் கவனிக்க வேண்டும்: 1:2,50,000. தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது மண்ணில் 250 மீட்டர். எல்லைக்கோட்டின் தடிமனுக்குள்ளேயே ஒரு தெரு ஒளிந்துகொள்ளும். எல்லைகள் தோராயமானவை, ஆபத்து ஒரு மண்டலத்திலிருந்து அடுத்ததற்குப் படிப்படியாகத்தான் மாறுகிறது என்று வரைந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். தீவு முழுவதற்கும் திட்டமிட உதவும் என்று விஞ்ஞானிகள் போட்ட கோடு அது. கடன் கொடுப்பவர்களும் காப்பீடு விற்பவர்களும் அதைச் சர்வே கல்லாக ஆக்கிக்கொண்டார்கள். ஒரே சாலையில் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர் மூன்றாம் மண்டலம், அந்தப் பக்கம் இருப்பவர் இரண்டாம் மண்டலம். ஒருவருக்கு ஏஜென்ட் தேடி வருவார், மற்றவர் ஏஜென்டைத் தேடி அலைவார். அமெரிக்கக் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் உத்தரவாதம் தரும் கடன்களும் ஒன்று, இரண்டாம் மண்டல வீடுகளுக்குக் கிடையாது.

அப்படிப்பட்ட இடத்தில் மனிதர்கள் ஏன் குடியேறினார்கள் என்றால், வரைபடத்துக்கு முன்பே மனைகள் வந்துவிட்டன. 1950களின் இறுதியில் தொடங்கி பூனாவின் காடுகளையும் பழைய லாவாப் பரப்புகளையும் வணிகர்கள் மனைகளாக அறுத்தார்கள். 1959இல் ஹவாய் அமெரிக்காவின் மாநிலமானது. பெருநிலத்தில் இருந்தவர்கள் வெப்பமண்டலச் சொர்க்கத்தில் ஒரு துண்டு என்று, பலர் நேரில் பார்க்காமலேயே, வாங்கிப்போட்டார்கள். ஹவாயன் பாரடைஸ் பார்க் என்ற ஒரே பிரிவில் மட்டும் 8,800 மனைகளுக்கு மேல். இந்தப் பிரிவுகளில் பல இடங்களில் தார்ச்சாலை கிடையாது, குடிநீர்க் குழாய் கிடையாது; கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் இன்றும் புழக்கம். மாநிலத்தின் மற்ற இடங்களில் வீட்டு விலை சம்பளக்காரர்களின் கைக்கு எட்டாமல் போகப்போக, பூனாதான் கடைசிப் புகலிடம் ஆயிற்று. 2000இல் அந்த மாவட்டத்தில் 31,335 பேர். 2010இல் 45,326.

கலபானாவுக்குப் பிறகு

1983 ஜனவரி 3 அன்று கிலாவேயாவின் கிழக்குப் பிளவில் தொடங்கிய வெடிப்பு 2018 வரை, 35 ஆண்டுகள், பெரிய இடைவெளி இல்லாமல் நடந்தது. ராயல் கார்டன்ஸ் என்ற மனைப்பிரிவை முதலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. 1990இல் கடலோரத்துக் கலபானாவுக்குள் நுழைந்து அந்த ஓராண்டில் நூறு வீடுகளுக்கு மேல் எரித்தது. உள்ளே ஓவியங்கள் தீட்டிய ஒரு மரத் தேவாலயத்தை மட்டும் ஊர்க்காரர்கள் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். வீடுகளுக்கு லாரி கிடைக்கவில்லை.

கலபானாவுக்கு முன் காப்பீட்டு நிறுவனங்கள் பூனாவில் ஓரளவு தாராளமாகவே பாலிசி எழுதிவந்தன. எரிந்த வீடுகளுக்குப் பணமும் கொடுத்தன. கொடுத்த கையோடு ஒன்று, இரண்டாம் மண்டலங்களிலிருந்து ஒவ்வொன்றாக விலகின. 1991இல் மாநிலச் சட்டமன்றம் தலையிட்டு ‘ஹவாய் சொத்துக் காப்பீட்டுச் சங்கம்’ என்ற அமைப்பை உண்டாக்கியது. ஹவாயில் சொத்துக் காப்பீடு விற்க உரிமம் பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் அதில் உறுப்பினராக இருந்தே தீர வேண்டும். வேறு எங்கும் பாலிசி கிடைக்காத வீட்டுக்குச் சங்கம் பாலிசி தரும். லாபமோ நட்டமோ, மாநிலத்தில் அவரவர் நடத்தும் வியாபாரத்தின் அளவுக்கேற்ப நிறுவனங்கள் பங்கிட்டுக்கொள்ளும்.

அமெரிக்காவில் இதற்கு முன்மாதிரி உண்டு, அது எரிமலையிலிருந்து பிறந்ததல்ல. 1960களில் நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் கலவரங்கள் நடந்தபின் நிறுவனங்கள் அந்தப் பகுதிகளைக் கைவிட்டன. 1968இல் கூட்டாட்சிச் சட்டம் ஒன்றின் துணையோடு பல மாநிலங்களில் ‘கடைசிப் புகலிட’க் காப்பீட்டுத் திட்டங்கள் தொடங்கப்பட்டன. காட்டுத்தீக்கு அஞ்சும் கலிபோர்னியாவில் இன்று அடிக்கடி பேசப்படும் திட்டமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

கடைசிப் புகலிடம் என்றால் வசதியை எதிர்பார்க்கக் கூடாது. சங்கத்தின் பாலிசியில் வீட்டுக்கான உச்சவரம்பு நெடுங்காலம் 3.5 லட்சம் டாலராகவே இருந்தது. மரமும் சிமென்டும் கப்பலில் வந்திறங்கும் தீவில் அந்தப் பணத்தில் ஒரு சுமாரான வீட்டைத் திரும்பக் கட்டுவதே கடினம். வழக்கமான வீட்டுப் பாலிசியோடு ஒப்பிட்டால் காப்பு மெலிது, பிரீமியம் கனம். சூறாவளிக்கு வேறு தனிக் கணக்கு: 1992இல் இனிகி சூறாவளி கவாயி தீவைப் புரட்டிப்போட்ட பிறகு, ஹவாயில் அதற்குத் தனிப் பாலிசி எடுப்பது வழக்கமாகிவிட்டது.

சீட்டு ஏன் முறிகிறது

லாவா மண்டலத்தில் காப்பீடு கிடைக்காததற்குக் காரணம் ஆபத்து அளவுக்கு மிஞ்சியது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றாம் மண்டலத்தில் ஏறக்குறைய 190 ஆண்டுகளில் கால் பங்கு நிலம் மூடப்பட்டது என்று வைத்துக்கொண்டால், குறிப்பிட்ட ஒரு மனைக்கு ஓராண்டில் வரும் ஆபத்து சுமார் 0.13 சதவீதம். 3.5 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 460 டாலர். பிளவை ஒட்டிய மனைக்கு இது கூடும், தள்ளி இருப்பதற்குக் குறையும். கரடுமுரடான கணக்குதான். ஆனாலும் கட்டவே முடியாத தொகை என்று இதைச் சொல்ல முடியாது.

அப்படியானால் சிக்கல் எங்கே? இருபது பேர் சேர்ந்து சீட்டுப் போடுகிறார்கள். ஒவ்வொரு மாதமும் ஒருவருக்குப் பணத் தேவை வந்தால் சீட்டு ஓடும். இருபது பேருக்கும் ஒரே மாதத்தில் தேவை வந்தால் அன்றோடு முறிந்துபோகும். சமையலறைத் தீ ஒரு வீட்டை எரிக்கும். தெருவில் மற்ற வீடுகள் கட்டிய பிரீமியம் அதற்கு ஈடு கொடுக்கும். லாவா தெருவோடு எடுத்துக்கொள்ளும். பூனாவில் மட்டும் வியாபாரம் செய்யும் நிறுவனத்துக்கு முப்பது ஆண்டுகள் லாபம், ஒரு கோடைகாலத்தில் சர்வநாசம். ஆகவே பூனாவுக்கு வெளியே இருப்பவர்களைச் சீட்டில் சேர்க்க வேண்டும். ஹோனலூலுவின் அடுக்குமாடியில் இருப்பவர் தன் வாழ்நாளில் லாவாவைப் பார்க்கப் போவதில்லை, அவர் தானாக வந்து ஏன் சேரப் போகிறார்? சங்கம் அவரைப் பின்வாசல் வழியாகச் சேர்க்கிறது. உறுப்பினர் நிறுவனங்கள் ஏற்கும் நட்டம் ஏதோ ஒரு விதத்தில் மாநிலம் முழுவதிலும் உள்ள பாலிசிகளின் விலையில்தான் போய் ஒட்டும்.

நம் ஊர்ப் பாலிசியில் எரிமலை இடம்பெற்றிருப்பதன் சூட்சுமமும் இதுவே. கேட்டு வாங்க ஆள் இல்லாத இடத்தில் எதையும் பட்டியலில் சேர்க்கலாம்.

எரிந்தது தீயாலா, லாவாவாலா?

பாலிசி கையில் இருந்தாலும் முடிவைத் தீர்மானிப்பது அதிலுள்ள சொற்கள். லாவா ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூட்டோடு நெருங்கும்போது, அது தொடுவதற்கு முன்பே மரவீடு பற்றிக்கொள்ளும். வீடு அழிந்தது தீயால். தீ எல்லாப் பாலிசியிலும் உண்டு. கலபானா வீட்டுக்காரர்கள் பணம் வாங்கியது இந்த வழியில்தான். ஆனால் எரியாமல் நின்ற வீட்டுக்கு அடியில் தரை பிளந்தால்? அடித்தளம் ஒரு பக்கம் இறங்கினால்? அது ‘நில அசைவு’. அமெரிக்க வீட்டுப் பாலிசிகளில் நில அசைவு வழக்கமான விலக்கு.

இந்தச் சொற்சண்டை ஒரு முறை உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது, வாஷிங்டன் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம். 1980 மே 18இல் செயின்ட் ஹெலன்ஸ் மலை வெடித்தது. பனிப்பாறை உருகி, சாம்பலோடும் மண்ணோடும் கலந்து டூட்டில் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளமாக இறங்கி, மலையிலிருந்து பல மைல் தள்ளியிருந்த வீடுகளை அடித்துக்கொண்டு போனது. சேறு நகர்ந்தது நில அசைவு, பணம் இல்லை என்றது நிறுவனம். சேற்றைக் கிளப்பிவிட்டது வெடிப்பல்லவா என்றார்கள் வீட்டுக்காரர்கள். 1983இல் நீதிமன்றம், சங்கிலியாக நடந்த நிகழ்வுகளில் முதலில் உந்தியது எது என்பதை ஜூரி தீர்மானிக்கட்டும் என்றது. காப்பீட்டுத் துறைக்கு இது அதிர்ச்சி. அதன்பின் நிறுவனங்கள் விலக்குப் பத்திகளை இன்னும் இறுக்கமாக எழுதத் தொடங்கின: காரணம் எதுவானாலும், எந்த வரிசையில் நடந்தாலும், நிலம் அசைந்தால் பணம் இல்லை என்கிற பாணியில்.

அமெரிக்க வீட்டுப் பாலிசிகளில் பரவலாகக் காணப்படும் இன்னொரு வரி எனக்குப் பிடித்தமானது: 72 மணி நேரத்துக்குள் நிகழும் வெடிப்புகள் எல்லாம் ஒரே வெடிப்பாகக் கணக்கிடப்படும். கிலாவேயாவின் 35 ஆண்டு வெடிப்பை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் சிரிப்பு வரும். எழுதியவர் மனத்தில் இருந்தது ஒரு முறை வெடித்து ஓயும் மலை; உட்கார்ந்து சாவகாசமாக வழியும் மலையை அவர் பார்த்ததில்லை போலும். கூட்டாட்சி அரசின் வெள்ளக் காப்பீட்டிலும் இப்படி ஒரு விநோதம்: ஓடிவரும் சேற்றுக்கு அதில் இடமுண்டு, ஓடிவரும் பாறைக் குழம்புக்கு இல்லை.

2018

அந்த ஆண்டு ஏப்ரல் 30இல் பழைய வெடிப்பு வாய் சரிந்தது. உள்ளிருந்த குழம்பு நிலத்தடியில் கிழக்கே பாய்ந்தது. மே 3இல் லெய்லானி எஸ்டேட்ஸ் என்ற குடியிருப்பின் தெருக்களில் தரை கிழிந்து லாவா பீறிட்டது. மறுநாள் 6.9 அளவில் நிலநடுக்கம். ஆகஸ்டுக்குள் 24 பிளவுகள். எட்டாம் பிளவு மட்டும் ஓயாமல் கக்கி, ஆறுபோல் ஓடி, ஜூன் தொடக்கத்தில் கபோஹோ விரிகுடாவையே நிரப்பியது. 700க்கு மேற்பட்ட கட்டடங்கள் போயின. சுமார் 35 சதுர கிலோமீட்டர் நிலம் கல்லானது.

சாம்பல் அடங்கியதும் பாலிசிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். கையில் பாலிசியே இல்லாதவர்கள் கணிசம். ரொக்கத்துக்கு வாங்கியவரைக் காப்பீடு எடு என்று சொல்ல வங்கி இல்லை. அனுமதியில்லாமல் கட்டிய வீட்டுக்கு யாரும் பாலிசி எழுதமாட்டார்கள். சங்கத்தின் பாலிசி வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். மூன்றாவதாக ஒரு கூட்டம் இருந்தது. சங்கத்தைவிட மலிவாகவோ கூடுதல் தொகைக்கோ ஏஜென்ட் வாங்கிக் கொடுத்த, மாநில உரிமம் பெறாத வெளிச் சந்தைப் பாலிசிகளை வைத்திருந்தவர்கள் அவர்கள். லண்டனின் லாயிட்ஸ் சந்தைக் காப்பாளர்கள் எழுதிய இத்தகைய பாலிசிகளில் லாவாவை விலக்கும் இணைப்புத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஒன்றாம் மண்டல வீட்டுக்கு லாவாவை மட்டும் விட்டுவிட்டு ஒரு பாலிசி! வீடு எரிந்தது தீயால் என்ற பழைய வாதம் இங்கே எடுபடவில்லை. லாவா மூட்டிய தீயும் விலக்கில் அடக்கம் என்றார்கள் காப்பாளர்கள். சங்கம் இருக்கும்போது எங்களை ஏன் இதில் தள்ளினீர்கள் என்று வீட்டுக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள்.

இந்த விஷயத்தில் வாங்கியவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளிச் சந்தைப் பாலிசியின் விலையை மாநில அரசு கட்டுப்படுத்துவதில்லை. நிறுவனம் நொடித்தால் மாநில உத்தரவாத நிதி கைகொடுப்பதும் இல்லை. இவ்வளவையும் வங்கி கேட்ட ஒரு தாளைக் கொடுத்தால் போதும் என்ற அவசரத்தில் இருப்பவர் எப்படிப் படித்துப் பார்ப்பார்? வங்கி கேட்டதும் ‘காப்பீடு உண்டா’ என்பதைத்தான். ‘லாவாவுக்கு உண்டா’ என்று அதுவும் கேட்காமல் விட்டிருந்தால், அந்தத் தாள் யாருடைய நிம்மதிக்காக?

இதில் நேரமும் ஒரு கண்ணி. லாவா புறப்பட்டுவிட்டது என்று தெரிந்த நாளே புதுப் பாலிசிகள் நின்றுவிடும். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரத்துக்கு எந்த நிறுவனமும் இடம் கொடுக்காது. நியாயம்தான். ஆனால் லாவா ஆமைபோல நகர்வது. 2014 ஜூன் 27இல் கிளம்பிய ஓர் ஓட்டம் மாதக்கணக்கில் பஹோவா ஊரை நோக்கி ஊர்ந்தது. ஒரு மயானத்தைக் கடந்து, நவம்பரில் ஒரே ஒரு வீட்டை எரித்து, கடைத்தெருவுக்குச் சற்று முன்னால் நின்றுபோனது. இப்படிப்பட்ட மாதங்களில் புதுப் பாலிசி இல்லை. ஆகவே புதுக் கடன் இல்லை. ஆகவே விற்க நினைப்பவர் விற்கவும் முடியாது. லாவா தொடாத வீடும் மாதக்கணக்கில் செல்லாக் காசு.

நின்ற வீடும் போன நிலமும்

நாலாபக்கமும் லாவா சூழ்ந்து நடுவில் தப்பிய நிலத்துக்கு ஹவாய் மொழியில் கீபுகா என்று பெயர். 2018இல் கீபுகாவில் மாட்டிக்கொண்ட வீடுகள் இருந்தன. சுவர் நிற்கிறது, கூரை நிற்கிறது. போக வழியில்லை, மின்சாரமில்லை. பாலிசியோ ‘நேரடிச் சேதம்’ எங்கே என்று கேட்கும். அண்டை வீட்டுக்காரர் வீட்டை இழந்து காசோலை வாங்கினார். இவர் வீட்டை இழக்காமலே எல்லாவற்றையும் இழந்தார்.

இன்னொன்று, வீட்டுப் பாலிசி நிலத்துக்குக் கிடையாது. பல மீட்டர் கல்லுக்கு அடியில் போனாலும் மனை சட்டப்படி உங்களுடையதே. கடலை நிரப்பி லாவா உண்டாக்கும் புது நிலமோ உங்களுடையதல்ல. 1955 வெடிப்பில் பூனாக் கரையோரம் வளர்ந்த நிலம் யாருக்கு என்ற வழக்கில், அது மாநிலத்துக்கே சொந்தம் என்று 1977இல் ஹவாய் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எடுப்பது உங்கள் தோட்டத்தில், கொடுப்பது அரசுக்கு.

காப்பீடு கைவிட்ட இடத்தில் கடைசியில் பொதுப்பணம்தான் வந்தது. கூட்டாட்சிப் பேரிடர் நிதியைக் கொண்டு ஹவாய் மாவட்ட நிர்வாகம் 2021இல் ஒரு கொள்முதல் திட்டம் தொடங்கியது. விருப்பமுள்ளவர்களின் சொத்தை, வெடிப்புக்கு முந்தைய 2017ஆம் ஆண்டு வரி மதிப்பின்படி, குடியிருந்த வீடானால் 2.3 லட்சம் டாலர் வரை கொடுத்து வாங்கிக்கொண்டது. லாவா நின்று மூன்று ஆண்டுகள் கழித்து.

வேறு நாடுகள், வேறு சீட்டுகள்

1973 ஜனவரி 23 பின்னிரவில் ஐஸ்லாந்தின் ஹெய்மாய் தீவில் ஊருக்கு ஓரத்திலேயே பூமி பிளந்தது. முந்தைய நாள் கடல் கொந்தளித்ததால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் துறைமுகத்தில் இருந்தன. 5,300 பேரில் பெரும்பாலோர் அன்றிரவே கரை சேர்ந்தார்கள். ஏறக்குறைய 400 வீடுகள் போயின. துறைமுகத்தை அடைக்க வந்த லாவாமீது மாதக்கணக்கில் கடல்நீரைப் பீய்ச்சி உறையவைத்தார்கள். உலகம் அந்தப் படங்களைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. எனக்குப் பெரிதாகப் படுவது 1975இல் சத்தமில்லாமல் நடந்த காரியம்: நாட்டுக்கென ஒரு பேரிடர்க் காப்பீட்டு நிதியம். ஐஸ்லாந்தில் கட்டடத்துக்குத் தீக் காப்பீடு கட்டாயம். அதோடு ஒட்டிக்கொண்டே எரிமலை, நிலநடுக்கம், பனிச்சரிவு, நிலச்சரிவு, வெள்ளம் ஆகியவற்றுக்கான காப்பும் வந்துவிடும். கட்டடத்துக்கான பிரீமியம் நெடுங்காலம் ஆயிரத்துக்குக் கால் பங்கு, அதாவது மதிப்பில் நாலாயிரத்தில் ஒன்றாக இருந்தது, எல்லோருக்கும் ஒரே விகிதம். எரிமலையடி வீட்டுக்கும் அதே, எரிமலை எட்டாத வீட்டுக்கும் அதே.

நாலு லட்சம் பேர்கூட இல்லாத நாடு அது. சின்ன வட்டத்தில் சீட்டு நடக்காது என்று மேலே சொன்னேன். ஐஸ்லாந்து அதைப் பொய்யாக்கவில்லை, சுற்றிக்கொண்டு போகிறது. யாரும் விலக முடியாது, பெரிய அடியின் ஒரு பகுதியை வெளிநாட்டு மறுகாப்பீட்டாளர்கள் தலையில் ஏற்றிவிடுகிறது.

அதற்கும் ஓட்டை உண்டென்று கிரிந்தாவிக் காட்டியது. 2023 நவம்பர் 10 இரவு 3,800 பேர் கொண்ட அந்த மீனவ ஊரைக் காலிசெய்தார்கள். 2024 ஜனவரி 14இல் ஊர் ஓரத்தில் வெடித்த பிளவிலிருந்து வந்த லாவா மூன்று வீடுகளை எரித்தது. எரிந்ததற்கும் விரிசல் விட்டதற்கும் நிதியம் கொடுக்கும். கீறல் விழாமல் நிற்கும், ஆனால் குடியிருக்கவே முடியாத நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு? கீபுகாச் சிக்கலேதான். வேறுபாடு, தீர்வு வந்த வேகத்தில். பிப்ரவரியிலேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டது; தோர்கட்லா என்ற அரசு நிறுவனம் விரும்பியவர்களின் வீடுகளைத் தீக் காப்பீட்டு மதிப்பில் 95 சதவீதம் கொடுத்து வாங்கியது. ஊரைச் சுற்றி மண் அரண் எழுப்பவும் நாடு முழுக்க வீட்டுக்காரர்களிடமிருந்து ஒரு சிறு வரி.

ஸ்பெயினின் வழி நடுவில் நிற்கிறது. உள்நாட்டுப் போர் விட்டுச்சென்ற இழப்பீட்டு வழக்குகளைத் தீர்க்க 1941இல் பிறந்த ‘கொன்சோர்சியோ’ என்ற அரசு நிறுவனம், தனியார் பாலிசி ஒவ்வொன்றின்மீதும் ஒரு சிறு கூடுதல் கட்டணம் பிடித்து, வெள்ளம், நிலநடுக்கம், எரிமலை போன்ற பேரிடர்களுக்குத் தானே பணம் தருகிறது. 2021 செப்டம்பர் 19 முதல் டிசம்பர் 13 வரை லா பால்மா தீவில் கும்ப்ரே வியேகா 85 நாள் கக்கியபோது அந்தப் பணம் வீடு வீடாகப் போனது, பாலிசி இருந்த வீடுகளுக்கு. பாட்டன் கட்டி, அப்பன் ஒரு அறை சேர்த்து, பத்திரத்தில் ஏறாத பழைய வீடுகள் அங்கும் உண்டு. கட்டாயம் இல்லாத இடத்தில் சீட்டில் சேராதவர் எப்போதும் இருப்பார். நியூசிலாந்திலும் ஏறக்குறைய இதே அமைப்பு. தீக் காப்பீடு எடுத்தவருக்கு இயற்கைப் பேரிடர் ஆணையத்தின் காப்பு தானாக வரும், ஒரு வரம்பு வரை வீட்டைச் சுற்றிய நிலத்துக்கும் சேர்த்து. ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலை மேடுகள்மீது ஆக்லாந்து நகரம் உட்கார்ந்திருப்பதால் அவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

சீட்டே இல்லாத ஊர் கோமா. 2002 ஜனவரி 17இல் காங்கோவின் நியிராகோங்கோ மலையிலிருந்து இறங்கிய லாவா நகரத்தின் நடுவே புகுந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வீடற்றவர்களாக்கியது. 2021 மே 22இல் மறுபடியும் இறங்கியது. பாலிசி, விலக்கு, மண்டலம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆறியும் ஆறாத கல்லின்மேல், அதே கல்லை உடைத்து, மறுபடி வீடு எழுப்பினார்கள்.

யார் கட்டுவது

ஹவாயில் ஒரு கேள்வி விடாமல் வருகிறது. தெரிந்தே மலிவு மனை வாங்கியவனுக்கு நான் ஏன் பிரீமியம் கட்ட வேண்டும்? ஒதுக்கிவிட முடியாத கேள்வி. 1991க்குப் பின் சங்கம் இருந்ததால்தான் பூனாவில் கடன் கிடைத்தது. கடன் கிடைத்ததால் வீடுகள் பெருகின. 2018இல் எரிய அவ்வளவு வீடுகள் இருந்தன. மீட்க வந்த ஏற்பாடே ஆட்களை ஆபத்துக்குள் கூட்டிவந்ததென்று சொன்னால் மறுக்க எளிதல்ல. ஐஸ்லாந்தின் ஒரே விகிதத்துக்கும் இந்தக் குறை பொருந்தும்.

ஆனால் மனைகளை அறுக்க அனுமதித்தது யார், வரி வாங்கியது யார், வேறு எங்கே இவர்கள் வீடு வாங்கியிருக்க முடியும் என்ற கேள்விகளையும் கூடவே கேட்க வேண்டும். பழைய வீட்டைக் காப்பதும் புது வீட்டைத் தடுப்பதும் இரண்டு வேலைகள். முதலாவதைக் காப்பீட்டாலும் இரண்டாவதைக் கட்டட அனுமதியாலும் செய்ய வேண்டும். ஹவாயில் அனுமதி கொடுத்துவிட்டு, தடுக்கும் வேலையைப் பிரீமியத்தின் தலையில் கட்டினார்கள். பிரீமியம் ஏறினால் ஏழை வீட்டைக் காலிசெய்யமாட்டார், பாலிசியைக் காலிசெய்வார்.

பூனாவில் இன்று பாலிசி தேடுபவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். மண்டல எண்ணைத் தெரிந்துகொண்ட பின், சாதாரண நிறுவனம் ஏதேனும் எழுதுமா என்று பார்ப்பது, இல்லையென்றால் சங்கம், வெளிச் சந்தைக்குப் போகவேண்டி வந்தால் முன்பக்கத்தை விட்டுவிட்டுக் கடைசியில் ஒட்டியிருக்கும் இணைப்புத்தாள்களை முதலில் படிப்பது. மலை அமைதியாக இருக்கும்போது வாங்குவது. வீட்டின் மதிப்புக்கும் பாலிசி வரம்புக்கும் உள்ள இடைவெளி தன் கையைக் கடிக்கும் என்று கணக்கில் வைத்துக்கொள்வது.

கலபானாவில் 1990இன் லாவா கறுத்து இறுகிக் கிடந்த பரப்பின்மேல், மனைக்காரர்கள் சிலர் பின்னாளில் திரும்பி வந்து சின்னச் சின்ன வீடுகள் கட்டினார்கள். சூரியத் தகடு, மழைநீர்த் தொட்டி, கல்லில் துளையிட்டு நட்ட தென்னங்கன்று. அவர்களில் பலர் பாலிசி எடுக்கவில்லை. பேலே என்ற எரிமலைத் தெய்வத்தின் இடம் இது, கேட்கும்போது கொடுக்க வேண்டியதுதான் என்பது அங்கே பலர் சொல்லும் பேச்சு; லாவா வருமுன் வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு வெளியேறியவர்களும் உண்டு. 2010இல் லாவா அந்தப் பக்கம் திரும்பவும் வந்து அந்தப் புது வீடுகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டது. மீதி வீடுகளில் இன்னும் குடியிருக்கிறார்கள்.